இரண்டு குடம் தண்ணீர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமைதியைப் பற்றியவை. பதில் சொல்பவர், வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 34 ஆண்டு பணிக்குப் பின் 2013-இல் வட்டாட்சியராக ஓய்வு பெற்ற அம்மையார்.

தினமும் காலை 5 மணிக்கு எழுந்து அரை மணி நேரம் தியானம் செய்கிறேன். உட்கார்ந்திருக்கும் வரை மனசு குளம் மாதிரி இருக்கிறது. அடுப்படிக்குப் போய் மாமியார் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விடுகிறது. எங்களுக்குள் சண்டை இல்லை. இரண்டு வருடமாகப் பேச்சுதான் இல்லை. எனக்குள்ளேயே அமைதி இல்லாதபோது உலக அமைதிக்காகப் பிரார்த்தனை செய்வதில் என்ன அர்த்தம்? – எம்.எஸ்., திருப்பூர்

'சண்டை இல்லை, பேச்சுதான் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

1990-களின் நடுவில் தென்மாவட்டம் ஒன்றில் துணை வட்டாட்சியராக இருந்தேன். ஒரு கிராமத்தில் சுடுகாட்டுப் பாதைத் தகராறு. காலனியில் ஒருவர் இறந்தால் உடலை ஊர்த்தெரு வழியாகத் தூக்கிப் போகக்கூடாது, கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போகவேண்டும் என்பது அங்கே பழைய கட்டுப்பாடு. அந்த ஐப்பசி மழையில் கரை உடைந்து கிடந்தது. வேறு வழியில்லாமல் ஒரு முதியவரின் உடலை ஊர்த்தெருவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கல்லெறி விழுந்தது, ஐந்தாறு பேருக்குக் காயம். மறுநாளே எங்கள் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டோம். தரப்புக்குப் பத்துப் பேர். கோட்டாட்சியர், டி.எஸ்.பி., வட்டாட்சியர், அப்புறம் குறிப்பு எழுத நான். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண்.

மூன்று மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிட்டோம். யாரும் குரலை உயர்த்தவில்லை. நான் எழுதியதை வாசித்தேன், தலையாட்டினார்கள், இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலிடத்துக்குப் போன அறிக்கையின் கடைசி வரி என் கையெழுத்தில் இருந்தது: 'தற்போது கிராமத்தில் அமைதி நிலவுகிறது.' எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடமான வரி அது.

ஒன்பதாம் நாள் இரவு காலனியில் நான்கு கூரை வீடுகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு வீட்டில், மகள் கல்யாணத்துக்கென்று மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த துணிமணியும் பணமும் பெட்டியோடு சாம்பலாகிவிட்டன.

அன்றைக்குக் கூட்டம் நடந்தபோது அலுவலகத் தாழ்வாரத்தில் ஒன்றைப் பார்த்தேன். குடிதண்ணீர்க் குடம் இரண்டு வைத்திருந்தார்கள். இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று. இவர்கள் இதில் மொண்டு குடித்தார்கள், அவர்கள் அதில். பார்த்தேன், ஏன் இரண்டு என்று கேட்கவில்லை. நேரமாகிக்கொண்டிருந்தது, கையெழுத்து வாங்கவேண்டும். கேட்டிருந்தால் கூட்டம் ஆறு மணிக்கு முடிந்திருக்காது. சத்தம் வந்திருக்கும், யாராவது எழுந்து வெளியே போயிருப்பார்கள். ஆனால் மனசில் இருந்தது அந்த அறையிலேயே வெளியே வந்திருக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அதை அப்படியே ஊருக்குச் சுமந்துகொண்டு போய்விட்டார்கள்.

உங்கள் தியானத்தைக் குறை சொல்லவில்லை. விடாமல் செய்யுங்கள். அந்த அரை மணி நேரம் கிடைப்பதே இந்தக் காலத்தில் பெரிய காரியம். ஆனால் உங்கள் அடுப்படியில் இரண்டு குடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் கண்ணை மூடி உட்காரும்போது, 'தற்போது அமைதி நிலவுகிறது' என்று உங்களுக்கு நீங்களே அறிக்கை எழுதிக்கொள்கிறீர்கள். மனசு அதை நம்ப மறுக்கிறது. அந்த மனசு சரியாகத்தான் இருக்கிறது, அதோடு சண்டை போடாதீர்கள்.

முதலில் எனக்குள் அமைதி வரட்டும், அப்புறம் வீடு, அப்புறம் ஊர், கடைசியில் உலகம் என்று வரிசை கட்டிக்கொண்டு நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். அந்த வரிசை நடந்து நான் பார்த்ததில்லை. நாளைக் காலையில் மாமியாருக்குக் காபி போட்டதும் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பாமல் அவர் கையில் கொடுங்கள். அவர் வாங்கிக்கொள்ளும் வரை நில்லுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இப்போது வேண்டாம். யார் முதலில் பேச்சை நிறுத்தியது என்ற விசாரணையும் வேண்டாம். அதை ஆரம்பித்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடும். பத்து நாள் கொடுத்துப் பாருங்கள். பதினோராம் நாள் அவர் கேட்கிற முதல் கேள்வி கசப்பாகத்தான் இருக்கும். அது வரட்டும். உட்கார்ந்து கேளுங்கள்.

பிரார்த்தனையையும் நிறுத்தவேண்டாம்.

இரவு ஒரு மணி வரை போர்ச் செய்திகளைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிறேன். காஸா, உக்ரைன், சூடான்... பார்ப்பதை அடியோடு நிறுத்திவிடலாமா? அது சுயநலம் இல்லையா? – ஓய்வுபெற்ற தபால்காரர், நாகர்கோவில்

இரவில் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். நீங்கள் தூங்காததால் அங்கே ஒரு குழந்தைக்கும் ஒரு வாய் கஞ்சி கூடப் போவதில்லை. காலையில் நாளிதழில் ஒரு தடவை படியுங்கள், போதும். எல்லா ஊர்த் துயரத்தையும் துண்டு துண்டாகப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு முழுதாக அறிந்துகொள்ளப் பாருங்கள். சூடான் என்றால், 2023 ஏப்ரலில் அங்கே இராணுவமும் துணை இராணுவப் படையும் ஏன் மோதிக்கொண்டன, மக்கள் எந்தெந்த நாட்டுக்கு ஓடினார்கள், யார் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள் என்று படியுங்கள். ஓய்வூதியத்தில் மாதம் நூறோ இருநூறோ யுனிசெஃப் மாதிரி ஒரு அமைப்புக்குக் கொடுங்கள். சரிபார்க்காத படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். கடிதங்களைச் சரியான வீட்டில் சேர்த்தே ஒரு வாழ்நாளைக் கழித்தவர் நீங்கள். தவறான செய்தி தவறான கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு தனி மனிதனால் கலவரத்தை நிறுத்த முடியும் என்பதெல்லாம் மேடைப் பேச்சுதானே? – ஆர்.பி., தஞ்சாவூர்

1947-இல் காந்தி கல்கத்தாக் கலவரத்தை நிறுத்தியதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்களைத் தேதிவாரியாகப் படித்தால் மேடையில் சொல்கிற கதையைவிடப் பயனுள்ள ஒன்று கிடைக்கும்.

கிழக்கு வங்காளத்தில் இருக்கும் நவகாளிக்குப் போகும் வழியில்தான் காந்தி கல்கத்தா வந்தார். இங்கேயே தங்குங்கள் என்று அந்நகரத்து முஸ்லிம்கள் கேட்டார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார்: சுஹ்ரவர்தி தன்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் செத்த கலவரத்தின்போது வங்காளத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் இந்த சுஹ்ரவர்தி. இந்துக்களின் கோபமெல்லாம் அவர் மேல்தான். அந்த மனிதரோடு, பேலியகட்டா பகுதியில் ஹைதரி மன்சில் என்ற பாழடைந்த வீட்டில், ஆகஸ்ட் 13 அன்று காந்தி குடியேறினார். முதல் நாளே இளைஞர்கள் வாசலில் கூடிக் கல்லெறிந்தார்கள். போன வருடம் நாங்கள் சாகும்போது எங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நான் கேட்காமல் விட்ட கேள்வியை அவர் வாசலைத் திறந்து உள்ளே அழைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஆகஸ்ட் 15 அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவில் கட்டிக்கொண்டு கொண்டாடினார்கள். பஞ்சாபில் 55,000 படைவீரர்கள் இருந்தும் கலவரம் ஓயவில்லை, வங்காளத்தில் ஒரே ஒரு மனிதர் இருக்கிறார், கலவரமே இல்லை என்ற பொருளில் மவுண்ட்பேட்டன் காந்திக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 26. அதற்கு ஐந்தே நாளில், ஆகஸ்ட் 31 இரவு, அதே வீட்டுக்குள் கும்பல் புகுந்தது. வீசிய தடி மயிரிழையில் அவர் மேல் படாமல் போயிற்று. மறுநாள் நகரம் மறுபடி எரிந்தது. 'அமைதி நிலவுகிறது' என்ற வரியை வைஸ்ராயாக இருந்தவரே அவசரப்பட்டு எழுதியிருக்கிறார் என்று படித்தபோது, எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது.

செப்டம்பர் 1 மாலை காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். வயது 77. செப்டம்பர் 4 இரவு முடித்தார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். அமைதியைக் காக்கப் போன சசின் மித்ரா, ஸ்மிருதிஷ் பானர்ஜி என்ற இரண்டு பேரைக் கொன்றுவிட்டார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டே காவலர்கள் ஒரு நாள் பட்டினி கிடந்தார்கள். கும்பலில் இருந்தவர்கள் வந்து ஆயுதங்களைக் கொடுத்தார்கள். எல்லாத் தரப்புத் தலைவர்களும், மறுபடி கலவரம் வந்தால் அதைத் தடுக்க உயிரைக் கொடுப்போம் என்று உறுதி எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகே எலுமிச்சைச் சாறு குடித்தார், கொடுத்தவர் சுஹ்ரவர்தி.

தனி மனிதன் ஒருவன் தொடங்க முடியும். அதை முடித்தது, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஆட்கள்.

'மறந்துபோட்டு உன்ர வாழ்க்கையைப் பார், மன்னிச்சாத்தான் மனசுக்கு நிம்மதி' என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் அண்ணா 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் இராணுவத்திடம் சரணடைந்தவர். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா ஒவ்வொரு இரவும் அவருக்கும் சேர்த்துச் சோறு வைக்கிறா. நான் எப்படி அமைதியாக இருப்பது? – பெயர் வேண்டாம், வவுனியா

தங்கச்சி, உங்களுக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

1990-இல் போர் மறுபடி மூண்டு படகு படகாகச் சனம் வந்த நாட்களில், சில மாதம் மண்டபம் அகதிகள் முகாமில் பதிவு வேலைக்கு என்னை அனுப்பினார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய், குடும்ப உறுப்பினர் பெயர்களைச் சொல்லும்போது வராத மகனின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். வந்தவர்கள் பெயர் மட்டும் எழுதவேண்டும் என்பது விதி. அரிசி அளவு அதை வைத்துத்தான். சொன்னேன். 'அரிசி வேண்டாம் பிள்ளை, பேரை மட்டும் எழுதுங்கோ' என்றார். பட்டியலில் எழுத முடியவில்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். அவர் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். என் உத்தியோகத்தில் சரியாகச் செய்த வேலைகளில் ஒன்றாக இன்றும் அதை நினைக்கிறேன்.

உங்கள் அம்மா வைக்கும் சோற்றை யாரும் நிறுத்தச் சொல்லவேண்டாம். மன்னிப்பைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவும் இல்லை, என்ன நடந்தது என்று சொல்லவும் இல்லை. அதற்குள் உங்களை மன்னிக்கச் சொல்வது, இரண்டு குடத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துக் கேட்ட என் வேலை மாதிரிதான். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20-இல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தாய்மார் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், சில நாளில் உங்கள் வவுனியாவிலும். அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரலில் பதினான்கு பெண்கள் பிள்ளைகளைத் தேடி அதிபர் மாளிகை முன்னால் உள்ள சதுக்கத்தில் கூடினார்கள். வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். இராணுவ ஆட்சி அவர்களைப் பைத்தியக்காரிகள் என்றது. அந்த ஆட்சி போய், தளபதிகள் நீதிமன்றத்தில் நின்றார்கள். அந்தப் பெண்கள் செய்ததும் உலக அமைதிக்கான வேலைதான் என்பேன்; அதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியாது.

அமைதி வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். அண்ணாவைப் பற்றிப் பேசுங்கள், அவர் இருந்த விதத்தை. என்ன பாட்டுப் பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார் என்று. அம்மா சோறு வைக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். சிரிக்க வேண்டிய நாளில் சிரித்துவிடுங்கள், அது துரோகம் ஆகாது. உடம்பு ஓய்ந்து, தூக்கம் அறவே இல்லாமல் போனால் வைத்தியரிடம் போகத் தயங்காதீர்கள்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டி வருகிறார்கள். அறுத்து வீசச் சொன்னால் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிறார்கள். – ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்காரவைக்கவும் சொன்னது. தடை வேண்டியதுதான். ஆனால் நீங்களே பார்க்கிறீர்கள், கயிறு பாக்கெட்டுக்குப் போகிறது.

மத்தியானச் சாப்பாட்டைக் கவனியுங்கள் சார். யார் யாரோடு உட்காருகிறான், யார் டப்பாவில் யார் கை வைக்கிறான். அப்புறம் கபடி அணியைப் பாருங்கள். நீங்களும் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய் உட்காருங்கள், தினம் ஒரு கூட்டத்தோடு. உபதேசம் வேண்டாம். கயிற்றை யார் கட்டிவிட்டார்கள் என்று ஒருத்தனிடம் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு அண்ணன் பெயர் வரும், பள்ளிக்கு வெளியே பைக்கில் நிற்பவன். பேச வேண்டிய ஆள் அவன்.

பேசிப் பேசி எங்கேயாவது ஏதாவது மாறியிருக்கிறதா? – கே., விருதுநகர்

மாறியிருக்கிறது, மெதுவாக. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், உங்கள் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதும் அங்கே தேர்தலே நடக்கவில்லை. நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்யவைக்கப்பட்டார். பத்து வருடம் இப்படி. அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசி, 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியிலும் நீடித்தார்கள். பாப்பாபட்டிக் கிராம சபைக்கு 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார்.

என் அளவில் ஒன்று. அந்த நான்கு வீடுகள் எரிந்த பிறகு நான் நடத்திய எந்தச் சமாதானக் கூட்டத்திலும் ஒரே ஒரு குடம், அறையின் நடுவில். சித்திரை வெயிலில் ஒரு கூட்டம். இரண்டு மணி நேரம் யாரும் தொடவில்லை. நாக்கு வறண்டு பேசினார்கள். நானும் குடிக்கவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து டம்ளரை எடுத்தார், அவர் குடித்த டம்ளரையே எதிர்த்தரப்பில் ஒருவர் வாங்கினார். அன்றைக்குக் கையெழுத்து எதுவும் வாங்கவில்லை, மூன்று வாரம் கழித்துத்தான் வாங்கினேன். கூட்டத்துக்கு முந்தின நாளே அந்தந்த ஊர்க் குழாயடிக்குப் போய்ப் பெண்களிடம் பேசிவிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். எந்த வீட்டில் யார் கொதிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதது கிடையாது.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களுக்கு மன அமைதி கிடைத்துவிட்டதா? – எஸ்., சேலம்

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் பங்குனியில் அந்தக் கிராமத்துக்குப் பேருந்தில் போனேன். மரப்பெட்டி எரிந்த வீட்டு அம்மா இருந்தார். கூரை போய் அரசு கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு. அந்தக் கடைசி வரியை எழுதியது நான்தான் என்று சொன்னேன். நெல் புடைத்துக்கொண்டே கேட்டார். 'எம்மக கல்யாணம் ரெண்டு வருசம் தள்ளிப்போச்சு. அத எந்த நோட்டுல எழுதுனீக?' என்றார். என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து வருடம் ஒரு தடவை போகிறேன். ஊர்த்தெருவில் இப்போது சிமெண்ட் சாலை, காலனிச் சாவுக்கு ஊர்தியும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது. அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொடுப்பார். குடித்து முடிக்கும் வரை நிற்பார், அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அதிகம் பேசுவதில்லை. போன வருடம் மட்டும், பேத்தி நர்சிங் சேர்ந்திருக்கிறாள், சாதிச் சான்றிதழுக்கு அலையவிடுகிறார்கள், யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். திண்ணையிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். பங்குனி வருகிறது. சான்றிதழ் கைக்கு வந்ததா என்று கேட்கவேண்டும்.